கடைச் சாமான் ஏற்காத கார்

உடையார்கட்டில் யோகலிங்கத்தின் பச்சைக் கார் கடையில் வாங்கிய சாமான் எதையும் ஏற்காது. பின்னேரம் பூட்டிய புதுச் சாமான், அவர் கை கழுவித் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள், காருக்கு முன்னால் நிலத்தில் கிடக்கும். கழற்றி எறிந்த மாதிரியும் அல்ல. கிறீஸ் துடைத்து, நட்டுகளைப் பக்கத்தில் வரிசையாக வைத்து, கடைக்காரன் திருப்பி எடுக்க மறுக்க முடியாத நிலையில் கிடக்கும். கிளிநொச்சியில் வாங்கிய கிளச் பிளேட்டை மூன்று தரம் பூட்டினார். மூன்றாம் தரம் அது தான் வந்த மட்டைப் பெட்டிக்குள்ளேயே போய்ப் படுத்திருந்தது. பற்றுச்சீட்டும் உள்ளே இருந்தது.

யோகலிங்கம் ஒரு கராஜிலும் வேலை பார்த்தவரல்ல. குளத்தின் துருசைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்டு மூடுவதுதான் அவருடைய அரசாங்க உத்தியோகம். மிச்ச நேரமெல்லாம் காருக்கு அடியில் கிடந்து தானாகப் பழகிக்கொண்டார். காரைக் கொடுத்தவர் முல்லைத்தீவு நஜீம், பழைய இரும்பு வியாபாரி. புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய மனுசன், 2012இல் ஒரு இரும்புக் குவியலின் அடியிலிருந்து அதை இழுத்தெடுத்து, உருக்க மனம் வராமல் இவரிடம் தள்ளிவிட்டார். கிளச் பிளேட் கதையைக் கேட்டதும் நஜீம் சிரிக்கவில்லை. காரின் பூர்வீகத்தை அவர் ஏற்கனவே விசாரித்து வைத்திருந்தார்.

“யோகண்ணை, இது பொருளாதாரத் தடைக் காலத்தில வாடகைக்கு ஓடின கார். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெயில ஓடினது. வன்னிக்குள்ள ஒரு ஆணி வராத நேரம். வீட்டுச் சாமானைப் போட்டுப் போட்டே ஓட்டியிருக்கினம். இப்ப கடைச் சாமானைக் குடுத்தால் எடுக்குமே? நாக்குப் பழகிப்போச்சு.”

அடுத்த நாளே யோகலிங்கம் குசினிக்குள் போனார். முதலில் எடுத்தது தோசைக்கல். அது கிளச் பிளேட் ஆனது. கார் ஒரு முனகலும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. பிறகு புகைக்குழாய் உக்கி விழ, பிட்டுக்குழல் அந்த இடத்துக்குப் போனது. அதிலிருந்து கார் போன வழியெல்லாம் அவித்த மாவும் தேங்காய்ப்பூவும் மணந்தன. காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் அதன் பின்னால் ஓடினார்கள். தேத்தண்ணி வடி பெற்றோல் குழாய்க்குள் போனது. சோற்றுப் பானையின் மூடி, வட்டம் வட்டமாக வெட்டுப்பட்டு, என்ஜின் தலைக்கு அடியில் கஸ்கற்றாகப் படுத்தது. உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிறு ஃபான் பெல்ற் ஆன பிறகு, துவைத்த துணியை பொனற்றின் மேல் விரித்தால் மாரி மழையிலும் அரை மணித்தியாலத்தில் காய்ந்தது. இதற்கெல்லாம் ஒரு சட்டம் இருந்ததை யோகலிங்கம் மெல்ல மெல்லத்தான் கண்டுபிடித்தார். புதுக்குடியிருப்புச் சந்தையில் புது மூடி வாங்கிப் போட்டுப் பார்த்தார், திரும்பி வந்தது. அலுமாரிக்கு மேல் ஓடாமல் கிடந்த மணிக்கூட்டைப் பிரித்துப் போட்டார், அதுவும் திரும்பி வந்தது. அன்றாடம் புழங்குகிற சாமானாக இருக்க வேண்டும். அது போனால் வீட்டில் ஒரு வேலை நின்றுபோக வேண்டும். அப்போதுதான் கார் ஓடும்.

ஊர்ச்சனம் இதை அதிசயமாக எடுக்கவில்லை. கூரை போடவும் கிணறு இறைக்கவும் மிதிவெடி எடுத்து முடிந்த வயல் எது என்று விசாரிக்கவுமே சனத்துக்கு நேரம் சரியாக இருந்தது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு கார் இருக்கிறதா, அது போதும். பிட்டு மணந்தால் மணந்துவிட்டுப் போகட்டுமே.

யோகலிங்கத்தின் மனுசி அமராவதி வாயில்லாப் பூச்சி அல்ல. தோசைக்கல் போன அன்று மூன்று வளவுக்குக் கேட்கிற மாதிரிப் பேசினாள். ஆனால் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு முன் சீற்றில் இருந்து போய், சனம் பார்க்கப் பார்க்க இறங்கியபோது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். அதனால் தேத்தண்ணியைச் சீலைத்துண்டால் வடித்தாள், பிட்டைச் சிரட்டையில் அவித்தாள், சோற்றைக் கோப்பையால் மூடினாள். புதுத் தோசைக்கல் ஒன்று வாங்கினாள். அது நன்றாகப் பழகி, தோசை ஒட்டாமல் வரத் தொடங்கிய கிழமை, அதன் மேலும் அவருடைய கண் விழுந்தது. பதினொரு வருடத்தில் அந்தக் கார் அவளுடைய குசினியை இரண்டு தரம் முழுதாகத் தின்று முடித்தது.

அவள் விடாமல் வைத்திருந்தது தையல் மெசின் ஒன்றைத்தான். 2009இல் உடையார்கட்டை விட்டுக் கிளம்பியபோது வீட்டையும் மாட்டையும் நகைப் பெட்டியையும் விட்டாள். மெசின் தலையை மட்டும் படுக்கை விரிப்பில் சுற்றித் தலையில் வைத்து, கடைசிவரை சுமந்து, முகாமுக்குள்ளும் கொண்டுபோனாள். முகாமில் கூடாரத் துணி தைத்ததும் அதில்தான். இப்போது ஊரில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பும் அதில்தான். நாற்பது வருடத்தில் அது ஒருநாள் நூல் அறுத்ததில்லை. அவளுக்கு அதன் மேல் பாசம் என்று சொன்னால் போதாது. அது இருக்கிறவரை தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினாள்.

2023 ஆவணியில் நஜீமின் மகள் றிஸ்பாவுக்குக் கலியாணம் நிச்சயமானது. நஜீம் வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளையை இந்தக் காரில்தான் கூட்டிவர வேண்டும் என்று கேட்டார். யோகலிங்கம் தலை கால் தெரியாத சந்தோசத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார். கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் கார் முல்லைத்தீவு வீதியில் நின்றது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்து திறந்து பார்த்தால், என்ஜினுக்குள் டைமிங் செயின் அறுந்து இரண்டு துண்டாகக் கிடந்தது. தன்னுடைய சைக்கிளின் செயினைக் கழற்றிப் போட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தபோது அது நிலத்தில் வட்டமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கார் வந்த நாளிலிருந்து அவர் சைக்கிளைத் தொடவில்லை. கார் அதை அறிந்திருந்தது. கிணற்றுக் கப்பி, மா அரிக்கிற அரிதட்டு, கதவுச் சங்கிலி என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், வைத்தார். பிறகு எதையும் தூக்கிப் பார்க்காமல் இருந்தார்.

அமராவதிக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான். புதன்கிழமை காலை உடுப்பு விரித்துவிட்டு உள்ளே வந்தபோது, மெசின் சக்கரத்தில் ஒரு வெள்ளை நூல் சுற்றிக் கிடந்தது. அளவு முடிந்த இடத்தில் முடிச்சும் போட்டிருந்தது. அவள் அன்று நீல நூலில் தைத்துக்கொண்டிருந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினாள். ஓடுகிற மெசினில் எவராலும் கைவைக்க முடியாதே. இருந்த ஓடர்களெல்லாம் வியாழன் மத்தியானத்துக்குள் முடிந்தன. பிறகு கிழிந்த சாரங்களைத் தைத்தாள், கிழியாத சாரங்களையும் தைத்தாள். யன்னல் சீலைகளை ஒன்றோடொன்று மூட்டினாள். பக்கத்து வளவுக்காரர் விசயத்தைக் கேள்விப்பட்டு, கைக்குக் கிடைத்த துணியெல்லாம் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டுப் போனார்கள். சமையல் நின்றது. யோகலிங்கம் இரண்டு நாளும் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டார். கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“அமராவதி, ஒரு சின்ன விசயம்.”

“மெசினைக் கேக்கிறதெண்டால் வாயைத் திறக்காதேங்கோ.”

“நான் இன்னும் கேக்கேல்லயே.”

“நூல் பிடிச்சு அளந்தனீங்கள். அது என்ன, மெசினுக்குச் சாதகம் பாத்தனீங்களோ?”

“ஞாயிற்றுக்கிழமை கலியாணம். நஜீமுக்கு வாக்குக் குடுத்திட்டன். கலியாணம் முடியட்டும், உமக்குப் புது மெசின் எடுத்துத் தாறன்.”

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். இரண்டு நாளில் முதல் தடவையாக வீடு சத்தமில்லாமல் இருந்தது.

“பதினொரு வருசம். என்ரை தோசைக்கல்லு, என்ரை குழல், என்ரை மூடி, என்ரை வடி. எனக்கு ஒண்டு சொல்லுங்கோ பாப்பம். உங்கட சாமான் ஒண்டு, ஒண்டே ஒண்டு, அந்தக் காருக்குள்ள போயிருக்கோ?”

யோகலிங்கம் யோசித்தார். அவர் கள்ளன் அல்ல, கல்நெஞ்சனும் அல்ல. வீட்டுச் சாமான் என்றால் குசினிச் சாமான் என்றே நினைத்திருந்தார். அவ்வளவு காலத்தில் வேறு மாதிரி அவருக்குத் தோன்றவே இல்லை.

“சைக்கிள் செயின் போட்டனான்” என்றார்.

“அது நீங்கள் தேடாத சாமான். அதுக்கே தெரிஞ்சிருக்கு!”

அவர் வெளியே போனார். சனிக்கிழமை காலை அமராவதி தேத்தண்ணியோடு போனபோது, கார் பக்கத்தில் அவருடைய ஸ்பனர் பெட்டி திறந்திருந்தது. நஜீமின் இரும்புக் கடையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துரு போக்கி, எண்ணெய் பூசி, அளவு வரிசையில் அடுக்கி வைத்த பெட்டி அது. உள்ளே விரித்திருந்த வெல்வெட் துணியை அவள்தான் தைத்துக் கொடுத்தாள். அந்தப் பெட்டியை வேறு எவரும் தொட அவர் விட்டதில்லை. அதைத் திறக்காமல் அவருக்கு ஒரு நாள் விடிந்ததும் இல்லை. அவர் ஏழு றிங் ஸ்பனர்களை எடுத்து, ஒன்றோடொன்று கோர்த்து, செயின் இருந்த இடத்தில் தொங்கவிட்டார். இறுக்க வேண்டிய நட்டுக்கு ஏற்ற ஸ்பனர் அந்தக் கோர்வைக்குள்ளேயே இருந்தபடியால், விரலால் இறுக்கினார். பிறகு அவள் கையிலிருந்த தேத்தண்ணியை வாங்கி, காருக்கு முதுகு காட்டி நின்று, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

திரும்பிப் பார்த்தபோது பொனற் மூடியிருந்தது. பெட்டி வெறுமையாக இருந்தது. மிச்ச ஸ்பனர்கள், குறடு, சுத்தியல், பிளக் கழற்றும் கம்பி, காரைத் தூக்கும் ஜக்கு, ஒன்றும் இல்லை. வெல்வெட்டில் அவற்றின் பள்ளங்கள் மட்டும் இருந்தன. கார் தானாகவே ஸ்ரார்ட்டாகி நின்றது. அதன் சத்தம் அன்றுபோல் சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை. றிஸ்பாவின் மாப்பிள்ளை அந்தக் காரில்தான் வந்து இறங்கினார். புது உடுப்பில் பிட்டு மணந்ததை அவர் பெரிதுபடுத்தவில்லை.

அதன் பிறகு பொனற் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையும் வரவில்லை. எண்ணெய் குறையவில்லை, றேடியேற்றர் கொதிக்கவில்லை, டயர் தேயவில்லை. இரண்டு வருடமாகப் பெற்றோல் அடிப்பதைத் தவிர அதற்கு ஒரு வேலையும் இல்லை. முதல் மாதம் அமராவதி, நல்லா வேணும் என்று நினைத்தாள். புதுத் தோசைக்கல், புது மூடி, புது வடி எல்லாம் குசினியில் தொங்கின. இரண்டாம் மாதம் யோகலிங்கம் காரை ஒரு நாளைக்கு மூன்று தரம் கழுவினார். விடியற்காலையில் எண்ணெய் படிந்த வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்க் காருக்கு முன்னால் நிற்பார். கை இரண்டும் எதையோ பிடித்திருப்பது போல் மடங்கி இருக்கும். சாப்பாடு குறைந்தது. துருசு திறக்கப் போகிறவர் திறந்துவிட்டு அங்கேயே இருந்துவிடுவார். அவளுக்கு மனம் பொறுக்கவில்லை. இந்த மனுசனை இப்படி ஆக்கிவிட்டேனே என்று குசினிக்குள் நின்று அழுதாள். அழுத கோபத்தில் ஒரு தோசையைக் கருக்கியும் விட்டாள்.

ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு அவள் பொய் சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, மெசின் நூல் அறுக்குது. ஒருக்காப் பாருங்கோ.”

அவர் வெறுங்கையோடு வந்து நின்றார். அவள் மெசின் லாச்சியைத் திறந்து, விரல் நீளமே உள்ள ஸ்குறூ டிரைவரை எடுத்து நீட்டினாள். அது அவளுடையது, நாற்பது வருடமாக அதை அவள் வேறு கைக்குக் கொடுத்ததில்லை. யோகலிங்கம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு தரம் மிதித்தார். நூல் படக்கென்று அறுந்தது. அமராவதி திடுக்கிட்டாள், ஆனால் முகத்தில் காட்டவில்லை. அவர் மெசின் தலையை மெல்லச் சாய்த்து, குனிந்து, உள்ளே பார்த்தார்.

“ஓம், இதுக்குள்ள கொஞ்சம் வேலை இருக்கு” என்றார்.

அன்று பின்னேரம் மெசின் ஓடியது. அடுத்த வியாழன் பத்து மணிக்குத் திரும்ப அறுத்தது. இருவரும் அதைப்பற்றி ஒன்றும் கதைப்பதில்லை. ஊர்ப் பெண்களுக்கு இப்போது இது பழகிவிட்டது. வியாழக்கிழமைகளில் அமராவதி தையலுக்குத் துணி எடுப்பதில்லை.