கோட்டுப் பையில் கிடைத்த பயன்

செலவுப் பக்கம் ஒன்றரை நாளில் நிரம்பிவிட்டது. விமானம், விடுதி, வாடகைக் கார், பரிசுப் பொருள், பரிசுப் பொருளைச் சுற்றிய காகிதம் வரை எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது. பயன் பக்கம்தான் ஒன்பது நாளாகத் துடைத்து வைத்த பலகை மாதிரிக் கிடந்தது.

நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கேட்ட கேள்வி இவ்வளவுதான்: ஜனாதிபதி நாற்பத்தொரு பேரைக் கூட்டிக்கொண்டு ஐந்து நாள் அரசுமுறைப் பயணம் போய் வந்தாரே, என்ன செலவு, என்ன பயன்? வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். அந்த வேலை தணிக்கைத் துறையில் ‘தராசு’ என்று பெயரெடுத்த அம்மாளின் மேசைக்கு வந்தது. அந்தப் பட்டப்பெயரை முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஒருமுறை விடுப்புப் பதிவேட்டில் யாரோ மறதியாக ‘தராசு – அரை நாள்’ என்று எழுதிவிட, அவள் அதன் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் பயம் இன்னும் கொஞ்சம் கூடிவிட்டது.

வெளியுறவு அமைச்சகத்திடம் பயன் என்ன என்று கேட்டாள். ‘இரு நாட்டு உறவு வலுப்பெற்றது’ என்று பதில் வந்தது. முன்பு எவ்வளவு வலு இருந்தது, இப்போது எவ்வளவு என்று திருப்பிக் கேட்டாள். ‘ஏற்கெனவே வலுவாக இருந்த உறவு மேலும் வலுப்பெற்றது’ என்று எழுதினார்கள். கையெழுத்தான ஒப்பந்தங்கள் ஆறு. உட்கார்ந்து ஆறையும் படித்தாள். நான்கு, பிற்பாடு ஒப்பந்தம் செய்துகொள்வதைப் பற்றிப் பேசலாம் என்பதற்கான ஒப்பந்தம். ஐந்தாவது, பழையதைப் புதுப்பித்தது. ஆறாவது, இந்த ஐந்தும் எப்படி நடக்கின்றன என்று பார்க்கக் குழு அமைப்பது. வர்த்தக அமைச்சகமோ, ‘முதலீட்டாளர்கள் ஆர்வம் தெரிவித்தனர்’ என்றது. ‘வலு’ என்ற சொல்லின் கீழேயும் ‘ஆர்வம்’ என்ற சொல்லின் கீழேயும் அவள் பென்சிலால் ஒவ்வொரு கோடு போட்டாள். அந்தக் கோடு விழுந்தால் இயக்குநர் அவள் மேசைக்கே வந்துவிடுவார்.

“ஏம்மா, உறவை எல்லாம் கிலோ கணக்குல நிறுக்க முடியுமா?” என்றார் அவர்.

“செலவை மட்டும் நிறுக்கலாமாம், வரவை நிறுக்கக் கூடாதாம். நல்லாருக்கு, சார்.”

இதோடு இன்னொரு தலைவலியும் சேர்ந்தது. நாற்பத்தொரு பேரில் ஒவ்வொருவரும் அங்கே என்ன செய்தார் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுத ஒன்றும் இல்லாதவர்களின் பதவியையே எடுத்துவிடலாம் என்று, நாடாளுமன்றத்தில் பதில் வாசிக்க வேண்டிய அமைச்சர் சொல்லியிருந்தார். பட்டியலில் முப்பத்தேழாவது பெயர் ஜனாதிபதியின் துணிப் பொறுப்பாளர். ஜனாதிபதியின் உடுப்பைத் துவைத்துத் தேய்த்து வைக்கிறவர். தராசின் கணவர்.

முதல் நாளே இயக்குநரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். “இந்த வேலையை வேற யார்கிட்டயாவது குடுங்க, சார். முப்பத்தேழாவது ஆள் என் வீட்டுக்காரர்.”

இயக்குநர் சிரித்தார். “வேற யார்கிட்ட குடுத்தாலும் உங்க வீட்டுக்காரராச்சேன்னு விட்டுடுவாங்க. உங்ககிட்ட இருந்தாத்தான் நியாயமா வெட்டுவீங்க.”

வெட்டினால் அவர் பழையபடி அரசு விருந்தினர் மாளிகையின் சலவைக்கூடத்துக்குப் போக வேண்டும். படுக்கை விரிப்புகளை விழுங்கி ஆவி கக்குகிற பெரிய இயந்திரத்தின் முன்னால் அவர் ஒன்பது வருடம் நின்றவர். அங்கே பிடித்த இருமல், ஜனாதிபதி மாளிகைக்கு மாறிய பிறகுதான் விட்டது. நான்கு வருடமாக வீட்டில் எல்லோரும் முழுத் தூக்கம் தூங்குகிறார்கள். இதெல்லாம் தெரிந்துதான் அன்று சாயங்காலம் அவள் கேட்டாள்.

“அஞ்சு நாள்ல அங்க என்னதான் செஞ்சீங்க?”

“துணி தேய்ச்சேன்.”

“எத்தனை துணி?”

“ஒரு நாளைக்கு ஒரு கோட்டு. சில நாள் நேத்துப் போட்டதையே போட்டுக்குவாரு.”

“அப்போ நாலு கோட்டுன்னு வச்சுக்கலாம். அந்த விடுதியில தேய்க்க ஆளே இல்லையா?”

“ஏன் இல்ல? நல்லாவே தேய்க்கிறாங்க. கஞ்சிதான் கொஞ்சம் ஜாஸ்தி.”

“இதை அப்படியே எழுதினா உங்களை நானே வழியனுப்பி வச்ச மாதிரி ஆயிடும்.”

கட்டிலில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்த மாமியாருக்குப் பொறுக்கவில்லை. “என் பிள்ளை போனதாலதான் ஜனாதிபதி கசங்காம இருந்தாரு. டிவியில பார்த்தேனே, அந்த நாட்டுக்காரர் கோட்டுல முதுகுப் பக்கம் ஒரே சுருக்கம்!”

“அத்தை, ‘சுருக்கம் இல்லை’ன்னு நாடாளுமன்றத்துக்கு எழுதிக் குடுக்க முடியாது.”

“ஏன்? உறவு வலுத்துச்சுன்னு எழுதலாமாம், இது மட்டும் ஆகாதாமா? சுருக்கம் இல்லாதது கண்ணுக்காவது தெரியுதே!”

தராசு நோட்டை மூடிவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை, அந்த நாட்டில் உள்ள நம் தூதரகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. விடுதி ஒன்றில் வேலை பார்க்கும் நம் நாட்டுத் தொழிலாளர்கள் பதினொரு பேரின் பாஸ்போர்ட்டுகளை ஆள் பிடித்துக் கொடுத்த ஒப்பந்தக்காரர் இரண்டு வருடமாகப் பிடித்து வைத்திருந்தார். விருந்தின்போது ஜனாதிபதி அதை அந்நாட்டுத் தலைவரிடம் சொல்ல, மறுநாள் காலையே பதினொன்றும் திரும்ப வந்துவிட்டன. ஏழு பேர் ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

தராசு கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பதினொன்று, ஏழு. கடைசியில் எண்ணக்கூடிய ஏதோ ஒன்று. ஆனால் ஆதாரம் இல்லாமல் அவள் எதையும் எழுத மாட்டாள். ‘ஜனாதிபதியிடம் நேரில் தரப்பட்ட மனு’ என்று கடிதத்தில் இருந்ததால், அந்த மனுவை ஜனாதிபதி மாளிகையிலிருந்து அனுப்பச் சொன்னாள். மறுநாள் மனு வரவில்லை. ஓர் உறை வந்தது.

ஜனாதிபதி மாளிகையில் ஒரு நடைமுறை உண்டு, வெளியூர்ப் பயணத்திலும் அதேதான். கோட்டைத் தேய்க்கும் முன் பைகளைத் துழாவிப் பார்த்து, கிடைத்ததை எல்லாம் உறையில் போட்டு, மேலே பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டு, அந்தரங்கச் செயலரிடம் சேர்க்க வேண்டும். இந்த ஜனாதிபதிக்கு ஞாபகம் சல்லடை என்பது ஊரறிந்த விஷயம். எதையாவது வாங்குவார், பையில் போடுவார், மறந்துவிடுவார். மேசைக்குத் திரும்பி வரும் உறையைப் பார்த்துத்தான், அட, இதை யாரோ கொடுத்தார்கள் அல்லவா என்று பதறுவார்.

உறையின் மேலே ‘கோட்டுப் பையில் கிடைத்தவை’ என்று அச்சடித்திருந்தது. கீழே கையால் எழுதியிருந்தது: ‘கண்ணாடி துடைக்கும் துணி ஒன்று. மிட்டாய் இரண்டு. பெயர்ப் பட்டியல் ஒன்று.’ அதன் கீழே கையெழுத்து.

தராசு அந்தப் பட்டியலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தண்ணீரில் போட்டாலும் அழியாத கறுப்பு மையில் பதினொரு பெயர். ஒவ்வொரு பெயரைச் சுற்றியும் ஒரு கட்டம், கட்டத்தின் மூலையில் ஓர் எண், சலவைத் துணியில் குறி போடுவதுபோல. இதே எழுத்துத்தான் அவள் வீட்டில் உப்பு டப்பாவிலிருந்து மாமியாரின் மருந்துப் பெட்டி வரை எல்லாவற்றின் மேலும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பட்டியலின் நகலைக் கணவர் முன்னால் வைத்தாள்.

“இது யார் எழுத்து?”

அவர் கண்ணாடி இல்லாமல் ஒரு தடவை பார்த்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்தார். “தெளிவா இருக்கு.”

“இது ஜனாதிபதி கோட்டுப் பையில கிடைச்சுதா?”

“உறையில போட்டேன். பையில கிடைச்சதுன்னு உறையில அச்சடிச்சிருக்கு. அதை நானா எழுதினேன்?”

“கீழ கையெழுத்து?”

“அது நான்தான்,” என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. விடுதியின் நிலவறையில்தான் சலவைக்கூடம். தேய்க்க மேசை கேட்டுப் போனவருக்கு, அங்கே பதினொரு பேர் அவருடைய மொழியிலேயே வணக்கம் சொன்னார்கள். “மூணு தடவை தூதரகத்துல மனு குடுத்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் ‘பரிசீலனையில் உள்ளது’ன்னு ஒரு சீட்டு வருமாம். மூணையும் பத்திரமா வச்சிருந்தாங்க, பாவம். ஜனாதிபதிகிட்ட நேர்ல வாயைத் திறந்து பேசுற ஆளா நானு? எனக்கும் அவருக்கும் போக்குவரத்துன்னா அந்த உறை ஒண்ணுதான்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“உன்கிட்ட சொன்னா எழுதிடுவே.”

அவள் நகலை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“இப்ப மட்டும் என்ன?” என்றார் அவர். “எழுதாம விட்டா சும்மா போயிட்டு வந்தவன்னு வெட்டுவாங்க. எழுதினா ஜனாதிபதியை ஏமாத்தினவன்னு வெட்டுவாங்க. எப்படிப் போனாலும் கத்தரி ஒண்ணுதான்.” வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது கை தானாக நெஞ்சைத் தடவிக்கொண்டது.

வியாழக்கிழமை காலை அவள் இயக்குநரிடம் உறையோடு போனாள். கேட்டு முடித்ததும் அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“ஐயோ அம்மா, ஜனாதிபதி இதை ஏற்கெனவே மூணு மேடையில பேசிட்டாரே! முதல் மேடையில, கூட்டத்துல ஒரு தொழிலாளி காகிதத்தைக் கையில திணிச்சாராம். ரெண்டாவது மேடையில அந்தத் தொழிலாளி அழுதாராம். மூணாவதுல இவரும் சேர்ந்து அழுதாராம். இப்பப் போய், அது துணி தேய்க்கிறவர் வேலைன்னா…”

“பொய் சொல்லலை சார் அவரு. தன் பையில இருந்துச்சுன்னா யாரோ குடுத்திருக்கணும்னு நெனைச்சிருப்பாரு. நெனைக்க நெனைக்க ஞாபகம் வந்திருக்கும்.”

“அந்த வரியை விட்டுடலாமே, அம்மா.”

“விட்டா பயன் பக்கத்துல ‘வலு’வும் ‘ஆர்வ’மும்தான் இருக்கும். பரவாயில்லையா?”

இயக்குநர் அந்த இரண்டு சொற்களுக்குக் கீழே இருந்த பென்சில் கோடுகளைப் பார்த்தார். “எழுதுங்க,” என்றார். “ஆனா நான் படிக்காமக் கையெழுத்துப் போடுறேன்.”

நாலு வாக்கியம் எழுத அவளுக்கு ஒரு முற்பகல் ஆயிற்று. ‘பதினொரு தொழிலாளரின் பாஸ்போர்ட்டுகள் மீட்கப்பட்டன. அவர்களின் பெயர்ப் பட்டியலை எழுதி, ஜனாதிபதியின் பார்வைக்குப் போகும் உறையில் வைத்தவர் துணிப் பொறுப்பாளர். பட்டியல் கோட்டுப் பையில் கிடைத்தது என்பது சரியல்ல. இவர் இந்தக் குறிப்பை எழுதும் அலுவலரின் கணவர்.’ கடைசி வாக்கியத்தை எழுதும்போதுதான் பேனா கொஞ்சம் தயங்கியது. எழுதி முடித்து, மூடியைப் போட்டு, உள்ளே அனுப்பிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை அமைச்சர் பதிலை வாசித்தார். அவரும் முன்கூட்டிப் படிக்கவில்லை என்பது மூன்றாவது வாக்கியத்தில் அவருடைய குரல் இறங்கியதிலேயே தெரிந்தது. பிறகு எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்தார்.

“அப்படியானால் மற்ற நாற்பது பேரையும் இங்கேயே விட்டுவிட்டு, அவரை மட்டும் அனுப்பியிருக்கலாமே?”

“ஜனாதிபதியும் போக வேண்டியிருந்தது,” என்றார் அமைச்சர், தன்னையறியாமல். “கோட்டு அவருடையது.”

அப்புறம் இரண்டு பக்கமும் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆயிற்று.

திங்கட்கிழமை துணிப் பொறுப்பாளருக்கு ஒரே தபாலில் இரண்டு தாள் வந்தது. ஒன்று, உறையைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு எச்சரிக்கை. மற்றது, பதவி எடுக்கப்படும் பத்தொன்பது பேரின் பட்டியல். அதில் அவர் பெயர் இல்லை. நாடே சிரித்த பிறகு அவரை வெட்டினால் இன்னொரு முறை சிரிப்பார்கள் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். அன்றே மாளிகையில் ஓர் உத்தரவும் போட்டார்கள்: இனிமேல் யாரும் எதையும் ‘கண்டெடுக்க’ முடியாதபடி, ஜனாதிபதியின் கோட்டுகளில் உள்ள பைகளை எல்லாம் தைத்து மூடிவிட வேண்டும். தைக்கிற வேலை யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. எட்டுக் கோட்டையும் அவர்தான் மடியில் போட்டுக்கொண்டு தைத்தார்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

“இன்னைக்கு ஜனாதிபதி தேய்ப்பு அறைக்கே வந்துட்டாரு,” என்றார்.

தராசு கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “திட்டினாரா?”

“ஒரு கையில கோட்டு, ஒரு கையில கண்ணாடி. நாலு வருஷத்துல என்கிட்ட பேசினது இதுதான் முதல் தடவை. ‘பதினொண்ணுல ஏழு பேர் வந்தாங்க, மிச்ச நாலு பேர் என்ன ஆனாங்க?’ன்னு கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அங்கேயே வேலையில இருக்காங்க, பாஸ்போர்ட் கையில இருக்கு, சம்பளமும் சரியா வருதாம், கடுதாசி போட்டிருந்தாங்கன்னேன். தலையை ஆட்டினாரு. அப்புறம் கோட்டை நீட்டி, ‘ஒரு பையை மட்டும் பிரிச்சு விடுங்க, கண்ணாடி வைக்க இடமில்லாம அவஸ்தையா இருக்கு’ன்னாரு.”

“உத்தரவு இருக்கே! பிரிச்சீங்களா?”

“அவர் பை. அவரே கேக்குறாரு.”

“அவர நிக்க வச்சுக்கிட்டா தையல் பிரிச்சீங்க? எவ்வளவு நேரமாச்சோ!”

“ஒரு இழுப்புத்தான்,” என்றார் அவர், செருப்பைக் கழற்றியபடி. “தைக்கும்போதே நூல் நுனியில முடிச்சுப் போடாமத்தான் விட்டிருந்தேன்.”