நான்காம் கயிறு

உலகத்திலேயே தேவையற்ற மொழி தன் அப்பா செய்ததுதான் என்பது யூவனின் முடிந்த முடிவு. வலைப்பக்கம் எழுதுவதற்கான கணினி மொழி. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பதினெட்டு ஆண்டுகள் உட்கார்ந்து செய்தார் இன்னஸ். பயன்படுத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவரே, செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். இன்னொருவர் யாரென்று தெரியாது.

மற்ற மொழிகள் ஒரு வேலைக்கு முழுப் பட்டியல் கேட்கும். இது தேவையானதை மட்டும் கேட்கும். கூட எது வந்தாலும் மூன்று புள்ளி வைத்து உள்ளே விட்டுவிடும். "அது மொழி இல்லம்மா, சத்திரம்" என்பான் யூவன்.

இப்போது அப்பாவின் கணினி முன் நின்றிருந்தான். சவப்பெட்டியைக் குழியில் இறக்க எட்டுக் கயிறு, கயிற்றுக்கு ஓர் உறவினர் பிடிப்பது அந்த ஊர் வழக்கம். எட்டுப் பேரின் பெயர் கேட்டு அடக்கக்காரர் இருமுறை போன் செய்துவிட்டார்.

"எல்லாம் அவரோட வலைப்பக்கத்துலயே எழுதி வெச்சிருக்காருடா" என்றாள் அம்மா மோரக்.

ஒரே வரி இருந்தது. கயிறு பிடிப்பவர்: கை, மூன்று புள்ளி.

"என் பேரு எங்கம்மா?"

"கை இருந்தா போதும்னு நெனச்சிருப்பாரு."

"பெத்த புள்ளையும் ரோட்ல போறவனும் ஒண்ணா? சாவுக்குமா புள்ளி வைப்பாங்க?"

பெயர், உறவு, எண் என்று ஒழுங்காக ஒரு பட்டியல் போட்டான். தலைமாட்டில் முதல் கயிறு, மூத்த மகன், யூவன். நிமிர்ந்தபோது கணினியின் விசிறி மூச்சு வாங்கியது. எங்கிருந்தாவது யாராவது அந்த வலைப்பக்கத்தைத் திறந்தால்தான் அப்படி வாங்கும். அவன் எதையும் தொடவில்லை. மோரக்கின் காதிலும் அது விழுந்தது.

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்து இது நாலாவது தடவ" என்றாள். அணைக்கச் சொல்லவில்லை.

சனிக்கிழமை கல்லறையில் சாரல். ஓர்க்னித் தீவிலிருந்து படகு ஓடவில்லை, நான்காம் கயிறு பிடிக்க வேண்டிய சித்தப்பா வரவில்லை.

"நாலாம் நம்பர்" என்று கூப்பிட்டார் அடக்கக்காரர். மறுபடியும் கூப்பிட்டார். பிறகு யூவனிடம் தாழ்ந்த குரலில், "எங்க ஆளு ஒருத்தர் பிடிக்கட்டுமா சார்?"

கூட்டத்துக்குப் பின்னால் மஞ்சள் மழைக்கோட்டில் ஒருவன் தனியாக நின்றிருந்தான். யாருக்கும் தெரியாதவன். வந்ததிலிருந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யூவன் அவனிடம் போனான். பெயர் கேட்க வாயெடுத்தான். மோரக் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய வெளிய எடுங்க" என்றான்.

கோட்டுப் பையிலிருந்து இரண்டு கைகள் வந்தன. குளிரில் சிவந்திருந்தன.

நான்காம் கயிற்றுக்கென்று சித்தப்பாவின் பெயர் எழுதிய சீட்டைத் திருப்பி, பின்புறத்தில் பென்சிலால் மூன்று புள்ளி வைத்து நீட்டினான் யூவன். பிறகு தலைமாட்டுக்குத் திரும்பித் தன் கயிற்றை எடுத்துக்கொண்டான்.

குழிமேல் பெட்டியைத் தாங்கியிருந்த பலகையை உருவினார்கள். நான்காம் கயிறு விறைத்தது.