வில்லரூ தெருவின் அகலம்

வில்லரூவின் கடைத்தெரு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நானூறு அடி அகலமாக இருந்தது. முந்தின நாள் வரை அறுபது அடிதான். ஊரருகே காற்றாலை வேண்டுமென்று கையெழுத்துப் போட்டவர்கள் கிழக்கு வரிசை, வேண்டாமென்றவர்கள் மேற்கு வரிசை. அது எப்படி அத்தனை கச்சிதமாகப் பிரிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அதன் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் தெரு இன்னும் அகன்றது. நான்காம் வருடம் ரொட்டிக்கடையிலிருந்து எதிரே கறிக்கடைக்குப் போக முக்கால் மணி நேரம் பிடித்தது. நடுவில் புல் மண்டி, கங்காருக்கள் மேய வந்தன. நகராட்சி பாதி வழியில் ஒரு குடிதண்ணீர்க் குழாய் வைத்ததோடு சரி.

ஐலீன் பிக்கரிங்குக்குத்தான் நிம்மதி போயிற்று. ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் நடத்தும் தீயணைப்பு வண்டியை ஓட்டுபவள் அவள், மேற்கு வரிசை. வண்டியில் ஏறித் தண்ணீர் பீய்ச்சும் ராஸ் ட்ரெலோர் கிழக்கு வரிசை. நான்கு வருடமாகக் கூட்டமும் இல்லை, தலைவரும் இல்லை. கோடைக்குள் பன்னிரண்டு பேராவது கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் வண்டி வேறு ஊருக்குப் போய்விடும் என்று தீயணைப்புத் துறையிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த வண்டி எழுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. காய்ந்த புல் அத்தனை நேரம் பொறுக்காது.

எந்தப் பக்கம் கூடினாலும் மறுபக்கம் வராது. எனவே கூட்டம் நடுத்தெருவில் என்று அவள் இரண்டு பக்கமும் அறிவிப்பு ஒட்டினாள். கீழே வழக்கம்போல, ‘ஆளுக்கொரு தட்டு கொண்டு வரவும்.’ எங்கள் ஊரில் தட்டு என்றால் தட்டு நிறையத் தின்பண்டம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவர்கள் வயிற்றுக்கு நாம் ஏன் சமைக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் தனித்தனியே முடிவு செய்திருந்தன. சனிக்கிழமை மதியம் இருபத்துமூன்று பேர் வெறுந்தட்டோடு வந்து எதிரெதிரே நின்றார்கள்.

"என்ன ராஸ், தட்ட நல்லா பளபளன்னு கழுவிக் கொண்டாந்திருக்க?" என்றாள் ஐலீன்.

"நீ மட்டும் விருந்தா கொண்டாந்த? பசி உசுரு போவுதும்மா."

முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றைக்கும் சண்டை உண்டு. கறிக்கடை சாசேஜ் மேற்கே இருந்தது, ரொட்டியும் வெங்காயமும் கிழக்கே. தூக்கிவர ஆள் போதாமல் இரு பக்கத்தாரும் கலந்து போனார்கள். போகும்போது இருபது நிமிடம், திரும்பும்போது ஐந்து. மறந்துபோன தக்காளி சாஸுக்காகப் போனவர்கள் ஒரு வசவை முடிப்பதற்குள் வந்துவிட்டார்கள். காற்றாலை விஷயத்தில் ஒருவரும் மனம் மாறவில்லை; வாய் நிறைய ரொட்டியோடு அதையேதான் பேசினார்கள். ஐலீன் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தலைவரானாள். தான் அவளுக்குப் போடவில்லை என்று ராஸ் எல்லோரிடமும் சொன்னார். ஜனவரிக் கோடையில் பள்ளிக்குப் பின்னால் புல் பற்றிக்கொண்டபோது, அதே ராஸ் அறுபதடித் தெருவை ஓடிக் கடந்து அவள் வண்டியில் ஏறினார். பள்ளிக்கூடம் தப்பியது.

இப்போது நகராட்சி தெருவின் அகலத்தை மழையளவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுகிறது. போன தேர்தலன்று மூன்று அடி கூடியிருந்தது. ஐலீன் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு தன் தட்டுக்கு உருளைக்கிழங்கு வேகவைக்க உள்ளே போனாள்.