கோணக்கையன் சுவர்

கொன்ஸோ மலைச்சரிவின் அந்தப் பக்கத்துப் படிவயல்களில் மிச்சம் இருந்தவர் ஓர்காய்தோ ஒருவர்தான். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். மேல்வயல்காரன் குஸ்ஸியா போன வருஷம் அர்பா மிஞ்சு நகரத்துக்கு லாரி ஏறிவிட்டான். மேல்வயல் மழைத்தண்ணீர் கீழே ஓர்காய்தோ வயலில் விழுகிறதென்று இருபது வருஷம் இருவரும் வாய் ஓயாமல் சண்டை போட்டவர்கள். அவன் போன பிறகுதான் ஓர்காய்தோவுக்கு உறைத்தது, தன்னோடு பேச அவனை விட்டால் நாதியில்லை என்று.

இந்த மழையில் குஸ்ஸியாவின் கல்சுவர் சரிந்தது. ஓர்காய்தோவுக்கு உள்ளூரச் சந்தோஷம். பாட்டன் பூட்டன் அடுக்கிய படிகளைக் காப்பதற்கென்று ஊரில் ஓர் அலுவலகம் உண்டு. சுவர் விழுந்து கிடந்தால் சொந்தக்காரனுக்குக் கடிதம் போகும்: நேரில் வந்து கட்டு, இல்லையென்றால் நிலம் வேறொருவனுக்கு. குஸ்ஸியா அலறியடித்துக்கொண்டு வருவான். அதற்கு ஓர்காய்தோ சும்மா இருந்தால் போதும்.

மூன்று நாள் இருந்தார். கொன்ஸோக்காரனைப் பட்டினி போடலாம், விழுந்த சுவருக்கு முன்னால் சும்மா உட்கார வைக்க முடியாது. நாலாம் நாள் கல்லைத் தூக்கிவிட்டார். சுவர் வேலைக்கு வருகிற கூட்டத்துக்குச் சோளக்கள் ஊற்றுவது வழக்கம். கூட்டம் இல்லாவிட்டால் என்ன, ஒரு பானை காய்ச்சி வைத்துக்கொண்டு ஒண்டியாகக் கட்டினார்.

அடுத்தவன் சுவரில் தன் கைவாகைக் காட்டினால் நிலத்தின்மேல் கண் என்று அர்த்தம். அதனால் குஸ்ஸியா வைப்பதுபோலவே ஒவ்வொரு கல்லையும் இடப்பக்கம் சாய்த்து வைத்தார். "கோணக்கையன்" என்று அவர் திட்டித் தீர்த்த அதே சாய்வு.

மறுவாரம் அலுவலகத்துக் குமாச்சோ நோட்டோடு வந்தான்.

"அட, குஸ்ஸியா அண்ணன் வந்துட்டாரா? இந்தக் கோணல் அவர் கையேதான். அப்ப கடிதாசி வேண்டாம்ல?"

ஓர்காய்தோ மனசுக்குள் கணக்குப் போட்டார். நான்தான் கட்டினேன் என்றால், கட்டியவனுக்கே நிலம் என்று எழுதிவிடுவான். குஸ்ஸியாவுக்குத் திரும்பி வர ஓர் இடமே இருக்காது.

"ஆமா தம்பி. வந்தான், கட்டினான், போயிட்டான்."

"உங்ககிட்ட பேசினாரா?"

"எங்க பேசுறான்? வாய்க்கு வந்தபடி திட்டிட்டுப் போனான்."

குமாச்சோ சிரித்தபடி எழுதிக்கொண்டு இறங்கினான்.

சாயங்காலம் மழை பிடித்தது. ஓர்காய்தோ மீதிக் கள்ளை இரண்டு சுரைக்குடுவைகளில் ஊற்றி, ஒன்றைக் குஸ்ஸியாவின் சுவர்மேல் வைத்தார்.

"டேய் கோணக்கையா! உன் தண்ணி என் வயல்ல விழுதுடா!" என்று மேலே பார்த்துக் கத்தினார். பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்து நின்றார்.

மேல்வயலிலிருந்து தண்ணீர் ஒரு சொட்டுகூட விழவில்லை. சுவரை அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தார்.