அண்ணன் வரும் வாக்கியங்கள்

எங்கள் ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும், எழுதுகிறவரே சொந்தமாக ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் தரவேண்டும். அந்த வாரம் என் தலையில் விழுந்தது ‘அப்ரோச்’. கிட்டே போவது, பேச்சுக் கொடுப்பது, உதவி கேட்பது, சிக்கலைக் கையாளும் முறை, ஓர் இடத்துக்குப் போய்ச்சேரும் சாலை, விமானம் தரையிறங்க நெருங்குவது என்று ஒரே சொல்லுக்கு ஊர்ப்பட்ட வேலை. நானும் மளமளவென்று எழுதி அனுப்பிவிட்டேன்.

திருத்துகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. என் தாள்களோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“ஏம்மா, எல்லா வாக்கியத்துலயும் ஒரு அண்ணன் வர்றாரே.”

வாங்கிப் பார்த்தேன். அண்ணனிடம் பேச்சுக் கொடுக்கத் தங்கை தயங்கினாள். அண்ணன் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையை மூடியிருந்தார்கள். அண்ணன் வந்த விமானம் தரையை நெருங்கியது. எனக்கு முகம் சுட்டது.

“உங்களுக்கு அண்ணன் இருக்காரா?”

“இருக்கான். இருந்தும் இல்லாத மாதிரி.”

சொல்லிவிட்டேன். அப்பா இறந்த சேதியை, தகனமெல்லாம் முடிந்தபிறகுதான் எனக்குச் சொன்னான். கேட்டதற்கு, பிள்ளை பெற்ற உடம்பு, நீ தாங்கமாட்டாய் என்றான். அப்பா முகத்தைக் கடைசியாக நான் பார்க்கவேயில்லை. அன்றோடு பேச்சு நின்றது. இப்போது ஈரல் கெட்டுப் படுத்திருக்கிறான், இனி அதிக நாள் இல்லை என்று அண்ணி போன் செய்திருந்தாள். மூத்தவன் அவன்தானே, அவனே கூப்பிடட்டும் என்று நான் வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன்.

கத்தரி தாள்களைத் திரும்ப வாங்கி அடுக்கினார்.

“வாக்கியத்த நான் பாத்துக்கறேன். அண்ணனை எடுத்துட்டு மேனேஜர்னு போட்டா சரியாயிடும். நீங்க கிளம்புங்க. அவர் போயிட்டா அப்புறம் யார்கிட்டம்மா கோவிச்சுக்குவீங்க?”

பையை எடுத்தேன்.

ஆஸ்பத்திரி அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போவது என்று தெரியவில்லை. கட்டிலில் ஆள் பாதியாகியிருந்தான்; கால்கள் மட்டும் வீங்கிக் கிடந்தன. கோபம் எங்கும் போய்விடவில்லை, அப்படியேதான் இருந்தது. அழுகை அதை முந்திக்கொண்டது.

அவன் என்னைப் பார்த்தான். உதவ வந்த அண்ணியைக் கையால் தடுத்தான். இரண்டு கைகளாலும் ஒரு காலைத் தூக்கி நகர்த்தினான். மூச்சு வாங்கிக்கொண்டே மற்றதையும் நகர்த்தினான். கட்டில் ஓரத்தில் நான் உட்காரும் அளவுக்கு இடம் விட்டான்.