மணலுக்கு வாங்கிய டயர்

என் புருஷன் நிஸார் மவுத்தாகி மூன்று மாதம் முடிந்த கிழமை, கெப்புக்கு டயர் மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தேன். "இத்தாவுல இரிக்கிறவளுக்கு டயர் ஒரு கேடா?" என்று என் உம்மா கேட்டா. புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருந்து துஆக் கேட்க வேண்டும். நான் துஆவும் கேட்டேன், டயரும் கேட்டேன். வீட்டில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது. அதற்குத் தினமும் மூன்று வேளை பசித்தது.

எங்களிடம் இருந்தது பின்னுக்குப் பாரம் ஏற்றும் பழைய சிங்கிள் கெப் ஒன்று. நுரைச்சோலையில் வெங்காயம் ஏற்றித் தம்புள்ளைக்குக் கொண்டுபோவதுதான் தொழில். நிஸாருக்கு இடுப்பு வலி. கடைசி இரண்டு வருஷமும் பாதி வழி அவர் ஓட்டுவார், மீதி வழி நான் ஓட்டுவேன். என்னிடம் லைசன் இருந்தது. பொம்பிளை கெப் ஓட்டுவது ஊரில் பலருக்குப் பிடிக்கவில்லை. வெங்காயத்துக்கு அதில் ஒரு மறுப்பும் இருக்கவில்லை.

வெங்காயத் தோட்டக்காரர் செய்னுலாப்தீன் நானா தொலைபேசியில் சொல்லியிருந்தார்: "இத்தா முடியுறவரைக்கும் வேற ஆளைப் புடிச்சுச் சமாளிக்கிறன் மகள். அதுக்குப் பொறகு லோட் ஒங்களுக்குத்தான்." அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாட்களை எண்ணினேன். ஆனால் கெப்பின் நாலு டயரும் மொட்டை. பின் டயர் இரண்டிலும் கம்பி வெளியே தெரிந்தது. அதோடு தம்புள்ளைக்குப் போனால் நானும் நிஸாரிடம் போய்ச் சேர வேண்டியதுதான்.

எனவே நிஸாரின் தம்பி ஃபாஹிமை வரச் சொன்னேன். அவன் பள்ளிவாசல்துறைக் கரையில் மீன் வாங்கிச் சிலாபத்துக்கு அனுப்புகிறவன். புருஷனின் தம்பியும் அந்நிய ஆண்தான் என்பதால், அவன் விறாந்தைக் கதிரையில் இருந்தான், நான் வாசல் திரைக்கு உள்ளே நின்றேன்.

"நல்லாக் கேளுங்க ஃபாஹிம்," என்றேன். "நமக்கு வேண்டியது லோட் டயர். எட்டுப் பிளை, பாரம் தாங்குறது. ரோட்டுக்குப் போடுற வெட்டு, ஆழமில்லாதது. அகலம் இப்ப இரிக்கிறதுதான், கூட்ட வேணாம். டெக் பண்ணி மேல புது ரப்பர் ஒட்டின பழைய டயரத் தலையில கட்டப் பாப்பாங்க, ஏமாந்துடாதீங்க."

"எனக்குத் தெரியாதா மதினி?"

"பக்கத்துல நாலு இலக்கம் இரிக்கும். முன் ரெண்டும் எத்தனையாவது கிழமை, பின் ரெண்டும் வருஷம். கடையில கனகாலம் கிடந்த டயரெண்டா வேணாம்."

"எங்கட நானாவ விட நீங்க கூடத் தெரிஞ்சு வச்சிரிக்கிங்க," என்று சிரித்தான். எனக்கும் அது பிடித்திருந்தது. அடுத்தவர் மெச்சினால் நாய்க்குட்டி மாதிரி வாலை ஆட்டுகிற குணம் எனக்கு எப்போதும் உண்டு.

திரைக்குக் கீழால் சாவியை நீட்டினேன். "பேப்பர் எல்லாத்தையும் தாங்க மதினி, வழியில பொலிஸ் மறிப்பான்," என்றான். அலுமாரியைத் திறந்து பிளாஸ்டிக் ஃபைலை அப்படியே தூக்கிக் கொடுத்தேன். இன்ஷூரன்ஸ், வாகனப் புத்தகம், எல்லாம் அதற்குள் இருந்தது. திறந்து பார்த்து வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

அதற்குள் இன்னுமொன்றும் இருந்தது. நிஸார் அந்தக் கெப்பை ஆறு வருஷத்துக்கு முன் சிலாபத்து ஆளிடம் 'ஓபன் பேப்பரில்' வாங்கியவர். பெயர் மாற்றும் பேப்பரில் விற்றவன் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான், வாங்குகிறவன் பெயர் எழுதும் இடம் வெறுமையாகக் கிடக்கும். செலவையும் அலைச்சலையும் நினைத்துப் பிறகு எழுதலாம் என்று எல்லோரும் விடுவார்கள். நிஸாரும் விட்டார். யார் கையில் பேப்பர் இருக்கிறதோ அவன் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம்.

என் உம்மா தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டு வந்தவ. அங்கே விட்டுவந்த காணியின் உறுதிப் பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றி இன்றைக்கும் தலையணைக்குக் கீழ் வைத்துப் படுக்கிறா. பெற்ற பிள்ளையைக்கூடத் தொட விடமாட்டா. அப்படிப்பட்டவளின் மகள் நான், முகம் தெரியாமல் திரைக்கு அந்தப் பக்கம் முழு ஃபைலையும் நீட்டியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

பத்து நாள் அவன் வரவில்லை. கேட்டால், டயர் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றான். பதினோராம் நாள் பகல் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது தெருவில் ஒரு சத்தம் கேட்டது. என்ஜின் எங்கள் கெப்புடையது. அதை எந்தக் கூட்டத்திலும் அடையாளம் காண்பேன். ஆனால் அதோடு சேர்ந்து ஓர் இரைச்சல் வந்தது. ஆழமான வெட்டுள்ள டயர் தார் ரோட்டில் உருண்டால்தான் அப்படி இரையும். சோற்றுப் பானையை இறக்கி வைத்தேன்.

ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். ஓரம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும் நாலு அகல டயர்கள், கட்டை கட்டையாக வெட்டு. பெருநாளுக்கு உடுத்த மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றது கெப்.

"இது நான் சொன்ன டயர் இல்லையே," என்றேன் திரைக்குள் இருந்து.

"மணலுக்கு இதுதான் மதினி நல்லம்."

"வெங்காயம் ஏத்துற கெப்புக்கு மணல் என்னத்துக்கு?"

வெளியே கதிரை கிறீச்சிட்டது. அவன் வாய் திறக்குமுன்னே எனக்கு விளங்கிவிட்டது. கரைக்கு இறங்கி மீன் ஏற்றப் போகிறவன்தான் மணலுக்கு டயர் வாங்குவான். அடுத்தவன் கெப்புக்கு இவ்வளவு ஆசையாக யாரும் டயர் பொறுக்கி எடுப்பதில்லை.

"என்ட பேருக்கு மாத்திட்டன் மதினி," என்றான் கடைசியில். "பொம்புளப் பேர்ல இரிந்தா எத்தன கரைச்சல். ஒங்களையும் புள்ளையையும் நான் பாக்க மாட்டனா?"

திரையைக் கிழித்துக்கொண்டு வெளியே போய் அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். போகவில்லை. இன்னும் இருபத்தைந்து நாள் இருந்தது. மவுத்தானவருக்கு நான் செய்யும் கடைசி மரியாதை அது என்று நினைத்தேன். அவரின் தம்பிக்கு அந்த மரியாதை நல்ல மறைப்பாகப் போய்விட்டது.

பள்ளிவாசலுக்கு ஆளனுப்பினேன். இரண்டு பெரியவர்கள் வந்து விறாந்தையில் தேத்தண்ணி குடித்தார்கள். ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் தம்பிக்கும் பங்கு உண்டு என்றார்கள். அதை நான் மறுக்கவில்லை. பங்கென்றால் பங்கு, முழுக் கெப்புமா என்று கேட்டேன். "பொறுமையா இரிங்க, அல்லாஹ் கூலி தருவான்," என்றார்கள். வழக்குப் போடு என்றார்கள் வேறு சிலர். என் மகள் இல்மா வளர்ந்து கலியாணம் முடித்த பிறகு தீர்ப்பு வரும். செய்னுலாப்தீன் நானாவும் நல்லவர்தான். "கெப் இரிந்தா நாளைக்கே வாங்க மகள். கெப் இல்லாட்டி நான் என்ன செய்ற?" என்றார்.

இத்தா முடிந்த மறுநாள் காலையில் அபாயாவைப் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்துப் பள்ளிவாசல்துறைக்குப் போனேன். திரை இல்லாமல் அவன் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கேட்கத்தான் போனேன். என்னென்ன கேட்பது என்று வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

கெப் கரையில் புதைந்து நின்றது. பின்னுக்கு ஐஸ் போட்ட மீன் பெட்டிகள். ஏழெட்டுப் பேர் தள்ளினார்கள். ஃபாஹிம் ஏறியிருந்து அக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, அந்தக் கட்டை வெட்டுகள் மண்வெட்டி மாதிரி மணலை வாரி வாரிப் பின்னால் எறிந்தன. கெப் இன்னும் கீழே போனது. காய்ந்த மணலுக்கு ஆழ வெட்டு ஆகாது என்பது அவனுக்குத் தெரியாது. அழகைப் பார்த்து வாங்கியிருக்கிறான். நான் சொன்ன டயரைப் போட்டுக் காற்றைக் குறைத்திருந்தால் ரோட்டுக்கும் உதவியிருக்கும், மணலுக்கும் உதவியிருக்கும்.

அலை ஏறி வந்தது. ஒரு அலை பின் றிம்மைத் தொட்டுவிட்டுப் போனது. உப்புத் தண்ணி படக் கூடாது என்று நிஸார் கரைக்கே இறக்காத கெப் அது. கேட்க வந்த நாலு வார்த்தையையும் விட்டுவிட்டுக் கெப்பின் கதவடிக்குப் போனேன்.

"எறங்குங்க," என்றேன்.

ஃபாஹிம் என்னைக் கண்டு முழித்தான். பிறகு இறங்கினான். ஒரு குச்சியால் நாலு டயரிலும் வால்வை அமுக்கிப் பாதிக் காற்றை விட்டேன். சில்லுக்கு முன்னால் மணலைக் கையால் வாரச் சொன்னேன். ஏறி, இரண்டாம் கியரில், அக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் கிளட்சை விட்டேன். ஒரு ஆட்டம் ஆடிவிட்டுக் கெப் எழும்பியது. நிற்காமல் ஓட்டிக்கொண்டுபோய் ரோட்டில் ஏற்றினேன்.

ஸ்டியரிங் என் கையில் இருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் திருப்பினால் நுரைச்சோலை, கால் மணித்தியாலம்கூட இல்லை. திருப்பியிருந்தால் சந்தியில் பொலிஸ் மறித்திருக்கும், புத்தகத்தில் ஃபாஹிமின் பெயர் இருந்திருக்கும், நான் கள்ளியாகியிருப்பேன். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் நான் பொலிஸில் இருந்திருப்பேன். என்ஜினை நிறுத்தினேன்.

அவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்யட்டும் மதினி," என்று கையை நீட்டினான். சாவியை வைத்தேன். பெட்டியைத் திறந்து இரண்டு பாரை மீனை எடுத்து ஷொப்பிங் பையில் போட்டு நீட்டினான். நல்ல மீன், கண் இன்னும் கலங்காதது. அதை அவன் முகத்தில் வீசியிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம். அன்று வீட்டில் கறிக்கு ஒன்றும் இருக்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

பகல் இல்மா விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாள். "எங்க உம்மா இந்த மீன்?" என்றாள்.

"சாச்சா தந்தார்."

"சாச்சா நல்லவர், என்ன உம்மா?"

அவளுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தாள். "ஓம்," என்றேன். கெப்பை எடுத்த ஃபாஹிமை நான் மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்த ஓமைச் சொன்ன என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.