மஹாதேவன் கேட்ட வேலைகள்

கல்கத்தாவின் நியூ டவுனில் பத்தாவது மாடியில் இருந்த அந்த நிறுவனத்தில் யாரும் யாரிடமும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. சண்டை போடுவார்கள். கால்பந்து ஆட்டத்தை முன்னிட்டு வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார்கள். வேலை என்று ஒருவர் கேட்டுவிட்டால் மட்டும் எல்லோரிடமும் ஒரே பதில்தான் கிடைக்கும்: “ஹோபே.” வங்காளியில் ஆகிவிடும் என்று அர்த்தம். எப்போது ஆகும் என்று திருப்பிக் கேட்பது அங்கே நாகரிகமில்லை.

புரோகிராமர்கள் உட்கார்ந்து கோட் எழுதுவதற்கான மென்பொருளைத் தயாரித்து விற்பது அந்த நிறுவனத்தின் தொழில். மதுவந்தி சேர்ந்த நாளிலிருந்து அங்கே பிறர் எழுதியதில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். திருத்தியது ஒழுங்காக ஓடினால் எழுதியவருக்குப் பெயர்; ஓடாவிட்டால் அவளுக்குப் பெயர். ஒவ்வொரு புதுப் பதிப்பு வெளியாகும்போதும் லேக் கார்டன்ஸ் வீட்டில் அப்பா பட்டாபி, “இதுல உன்னோடதுன்னு எதும்மா?” என்று கேட்பார். துறைமுகத்தில் கணக்கதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை மனசோடுதான் கேட்பார். அதனாலேயே அது அவளுக்கு அதிகம் வலித்தது. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்று வேண்டும் என்று அந்த மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, அந்த மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு ஓடும் ஒரு ப்ளகின் எழுதினாள்.

புரோகிராமர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இப்போதைக்குச் செய்யாத வேலையைக் கோட் நடுவிலேயே ஒரு குறிப்பாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்: இதைப் பிறகு கவனிக்க வேண்டும், இன்னார் கேட்டார். கம்ப்யூட்டர் அந்த வரியைத் தாண்டிக்கொண்டு போய்விடும். மனிதர்களும் அப்படித்தான். மதுவந்தியின் ப்ளகின் தாண்டாது. அப்படிப்பட்ட குறிப்புகளையெல்லாம் பொறுக்கி எடுத்துத் திரையின் வலது ஓரத்தில் பணிகளாக அடுக்கும். யார் கேட்டது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், முடிந்ததா முடியவில்லையா என்று ஒவ்வொன்றுக்கும் கட்டங்கள். கோட் எழுதுகிறவர் இடத்தை விட்டு அசையாமல் அங்கேயே எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம்.

நிறுவனத்தின் முதலாளி மஹாதேவன். பாட்டனார் காலத்தில் கல்கத்தாவுக்கு வந்த குடும்பம். மதுவந்தியிடம் மட்டும் தமிழில் பேசுவார். அது சலுகை என்று மற்றவர்கள் நினைத்தார்கள், தன் தமிழுக்குப் பயிற்சி என்று அவர் நினைத்தார். ப்ளகினைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“பேஷ். வெள்ளிக்கிழமை நம்ம கோட் மேலயே ஓட்டிக் காட்டு. நன்னா இருந்தா அடுத்த ரிலீஸ்ல சேத்துடலாம். உன் பேரைப் போட்டே.”

உன் பேரைப் போட்டே என்ற மூன்று சொற்களும் வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அவளோடு உட்கார்ந்து வந்தன.

மறுநாள் ஒத்திகை பார்த்தாள். நிறுவனத்தின் கோட் முழுவதையும் ப்ளகின் ஒரு சுற்று சுற்றிவிட்டு வலது ஓரத்தை நிரப்பியது. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. அதில் பாதிக்கு மேல், ‘கேட்டவர்’ என்ற கட்டத்தில் எம் என்ற ஒற்றை எழுத்து. எழுத்தைப் பெரிதாக்க ஒரு பட்டன் வேண்டும்: எம். சாயங்காலமானால் திரை மங்க வேண்டும்: எம். நேற்று விட்ட இடத்தில் இன்று தானாகத் திறக்க வேண்டும்: எம். நெடுநேரம் தட்டிக்கொண்டே இருந்தால் எழுந்து டீ குடிக்கச் சொல்ல வேண்டும்: எம். ஒன்றுகூட முடிந்ததாக இல்லை.

ரஞ்சன்தாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அங்கிருந்தவர்களில் மூத்த புரோகிராமர் அவர்; எல்லோருக்கும் அண்ணன், அதனால் ‘தா’. திரையைப் பார்த்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இது சார் கேட்டதெல்லாம்,” என்றார் வங்காளியில். “டீ வேளைக்கு வருவார், ஏதாவது யோசனை சொல்வார். ஹோபேன்னு சொல்லுவோம். அவர் கண் முன்னாடியே ஒரு வரி எழுதிடுவோம். அவரும் சந்தோஷமாப் போயிடுவார். அப்புறம் கேட்க மாட்டார்.”

“ஒண்ணுகூடவா செய்யல?”

“இதெல்லாம் செய்ய உட்கார்ந்தா காசு வர்ற வேலையை யார் பாக்கறது? அதுக்காக அந்த மனுஷன் முகத்தைப் பாத்து முடியாதுன்னு சொல்லணுமா? அது அசிங்கம், மது.” கன்னத்தைத் தடவிக்கொண்டார். “வெள்ளிக்கிழமை இத்தனையும் ஒண்ணா அவர் முன்னாடி வந்து நின்னா மனசு விட்டுப்போகும். எம் போட்டதையெல்லாம் காட்டாதேன்னு ஒரே ஒரு வரி சேர்த்துடு. உனக்கு என்ன நஷ்டம்?”

நஷ்டம் எதுவும் அவளுக்கும் தென்படவில்லை. மஹாதேவன் மனம் நொந்து எழுந்து போனால் தன் ப்ளகினும் அதோடு போகும் என்பது தெளிவாகத் தெரிந்தது. வயதானவரைப் புண்படுத்தாமல் இருப்பதும் தன் பெயர் வெளிவருவதும் ஒரே வரியில் நடக்கிறதென்றால் யோசிக்க என்ன இருக்கிறது? வரியைச் சேர்த்தாள். எம் எல்லாம் மறைந்தன. மிச்சமிருந்த பணிகள் பார்க்க அடக்கமாக, அழகாகக்கூட இருந்தன.

வெள்ளிக்கிழமை எல்லோரும் கூட்ட அறையில் கூடினார்கள். பெரிய திரையில் மதுவந்தி ஓட்டிக் காட்டினாள். ஒரு பணியைத் திறந்தாள், தேதியை மாற்றினாள், ஆளை மாற்றினாள், முடித்தாள். எங்கும் சிக்கவில்லை. ரஞ்சன்தா முதலில் கைதட்டினார். மஹாதேவன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்து வந்தார்.

“தேடறதுக்கு வழி இருக்கோ?”

“இருக்கு சார். இந்தக் கட்டத்துல டைப் பண்ணினாப் போறும்.”

அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ‘பெரிய எழுத்து.’ ஒன்றுமில்லை என்றது ப்ளகின். அவர் தலையை ஆட்டிவிட்டு, சாயங்காலம், திரை என்று தட்டினார். ஒன்றுமில்லை. நேற்று விட்ட இடம். ஒன்றுமில்லை. கடைசியாக டீ என்று தட்டியபோது அறையில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. அதற்கும் ப்ளகின் அதே பதிலைத்தான் சொன்னது. அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

தேடிப் பார்ப்பார் என்று மதுவந்தியும் நினைக்கவில்லை, ரஞ்சன்தாவும் நினைக்கவில்லை. எதைக் கேட்டோம் என்பதே அவருக்கு நினைவிருக்காது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

மஹாதேவன் தமிழில், அவளிடம் மட்டுமாகச் சொன்னார். “செய்ய மாட்டேள்னு எனக்குத் தெரியும்மா. போன பூஜை லீவுல ஆபீஸ்ல யாரும் இல்லை, சும்மா கோட் ஃபைலைத் திறந்து பாத்துண்டிருந்தேன். நான் சொன்னது ஒண்ணு விடாம எழுதி வச்சிருந்தது. செய்யாட்டாலும் எழுதி வச்சிருக்காளே, மதிச்சுத்தானே எழுதியிருக்கான்னு இருந்தது. அதைப் போய் அழிச்சுட்டேளே.”

“அழிக்கல சார். மறைச்சு வச்சிருக்கேன்.” வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று அவளுக்கு உறைத்தது. அந்த ஒரு வரியை நீக்கினாள். திரையின் வலது ஓரம் மளமளவென்று நிரம்பியது.

அவர் நின்றபடியே மேலிருந்து கீழ்வரை படித்தார். டீ குடிக்கச் சொல்லும் பணிக்கு வந்தபோது லேசாகச் சிரித்தார். “இது சுத்த அசட்டுத்தனம்தான்,” என்று வங்காளியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அறை பெருமூச்சு விட்டது. ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ரஞ்சன்தா தைரியமாக வாயைத் திறந்தார். “அப்ப மதுவோட ப்ளகினை அடுத்த ரிலீஸ்ல சேர்த்துடலாமா, சார்?”

“ஹோபே,” என்றார் மஹாதேவன்.

நாற்காலியில் உட்கார்ந்து, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோட் ஃபைலைத் திறந்து, நடுவில் ஓர் இடம் பார்த்து, ஒற்றை விரலால் நிதானமாக ஒரு வரி எழுதினார். எழுதி முடித்ததும் வலது ஓரத்தில் புதிய பணி ஒன்று முளைத்தது. மதுவந்தியின் ப்ளகினை வெளியீட்டில் சேர்க்க வேண்டும். கேட்டவர்: மதுவந்தி. செய்பவர்: மஹாதேவன். நிலை: முடியவில்லை. தேதிக் கட்டம் காலியாக இருந்தது. அவர் அதை நிரப்புவாரா என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நிரப்பவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்று அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

“பாத்தியா, சாருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு,” என்றார் ரஞ்சன்தா. அந்த ஹோபேயின் அர்த்தம் அவருக்கும் புரிந்துதான் இருந்தது. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னார்.

மதுவந்திக்கு ஆத்திரமாக வந்தது. மஹாதேவன்மேல் பாதி, தன்மேல் பாதி. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுது தீர்த்திருப்பாள். ஆகிவிடும் என்று எழுதிவைக்கப்பட்ட ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனை நாள் அழுவது? இடத்துக்குத் திரும்பி, மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, ப்ளகினில் ஒரு வேலை செய்தாள். முடிந்தது, முடியவில்லை என்ற இரண்டு நிலைகளுக்குக் கீழே மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தாள்: முடியாது.

மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். மேஜைமேல் வைத்து, காலையில் அவர் எழுதிய பணியைத் திருப்பிக் காட்டினாள்.

“சார், நான் பண்ணினது தப்பு. அதுக்காக ரிலீஸ்ல சேக்கறதில்லைன்னா சேக்க வேண்டாம். ஆனா இந்த ‘முடியாது’ங்கறதை அழுத்திடுங்கோ. திறந்தே வைக்காதீங்கோ.”

மஹாதேவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மூன்று நிலைகளையும் படித்தார். மௌஸைப் பிடித்து, அம்புக்குறியை ‘முடியாது’ வரைக்கும் கொண்டுபோனார். அது அங்கே நின்றது. அவள் அவர் விரலையே பார்த்தாள். விரல் இறங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகத்தில் கோபம் எதுவும் மிச்சமில்லை. நிஜமாகவே சங்கடப்பட்டார், பாவம்.

பிறகு கையை எடுத்துவிட்டார்.

“மணி நாலாகப் போறதே,” என்றார். “டீ குடிச்சியோ?”